என் பெயரில் இருந்த சீரம்

பழி முதலில் பூனை தலையில்தான் விழுந்தது. என் தம்பி அதைப் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு, ஏதோ சாதித்தவன் போலக் கையைத் தட்டிக்கொண்டு வந்தான்.

"டாக்ஸோ பூனைகிட்ட இருந்துதான் வருமாம்க்கா. போன்ல போட்டிருக்கு."

இருபத்தாறு வருடமாக ஒரு பரிசோதனைக் கூடத்தில் குப்பை கொட்டும் அக்கா எதிரில் குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருக்கிறேன். அவனுக்குப் போன் சொன்னால்தான் வேதவாக்கு. சரியாக வேகாத கறியிலிருந்தும் மண் போகக் கழுவாத காய்கறியிலிருந்தும் அந்த டாக்ஸோபிளாஸ்மா கிருமி வரும், பூனை பாவம் என்றேன். அவன் காதில் ஏறவில்லை. பயந்துபோனவனுக்குத் திட்ட ஒரு ஆள் வேண்டியிருந்தது.

அவன் மனைவிக்கு அப்போது இருபத்திரண்டாவது வாரம். இதற்கு முன் இரண்டு கர்ப்பம் கலைந்துபோனவள். புதிதாகப் பார்த்த பிரசவ டாக்டர் எழுதிக் கொடுத்த ரத்தப் பரிசோதனையை எங்கள் லேபில்தான் செய்தோம். இயந்திரத்தில் போட்டவளே நான்தான். பாசிட்டிவ் என்று வந்தபோது, இயந்திரத்தை இரண்டு தட்டு தட்டலாமா என்றிருந்தது.

இந்தத் தொற்று பெரியவர்களுக்குப் பெரும்பாலும் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. கர்ப்பத்துக்கு வெகு நாள் முன்பே வந்திருந்தால் வயிற்றுப் பிள்ளையைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. கர்ப்பம் தரித்த பிறகு முதல் தடவையாக வந்திருந்தால்தான் ஆபத்து. பிள்ளையின் கண்ணையோ மூளையையோ தொட்டுவிடலாம். ஆக, வந்ததா என்பதல்ல கேள்வி. எப்போது வந்தது?

அதற்கும் ஒரு சோதனை உண்டு. கிருமியை எதிர்க்க உடம்பு தயாரிக்கும் பொருள், புதிதில் கிருமியைப் பட்டும் படாமலும் பிடிக்கும். மாதங்கள் போகப் போக உடும்புப் பிடியாகிவிடும். யூரியாக் கரைசலை ஊற்றிக் கழுவி, எவ்வளவு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பார்ப்போம். அவளுடையது நல்ல கெட்டிப் பிடி. அதாவது, தொற்று வந்து நாலு மாதத்துக்கு மேலாகிறது. ஆனால் கர்ப்பத்துக்கு ஐந்து மாதம் ஆகிறதே! நாலு மாதத்துக்கு முன்பு என்றால் கர்ப்பத்துக்கும் முன்பா, கர்ப்பத்தின் ஆரம்பத்திலா? அந்த இடைவெளியில் போய் மாட்டிக்கொண்டோம்.

வெள்ளிக்கிழமை வயிற்றில் ஊசி போட்டுப் பனிக்குட நீரை எடுத்து, கிருமி பிள்ளையைத் தொட்டிருக்கிறதா என்று பார்த்துவிடலாம் என்றார் பிரசவ டாக்டர். அந்த ஊசியால் கர்ப்பம் கலைவது மிக அபூர்வம் என்றும் பொறுமையாகச் சொன்னார். இரண்டு முறை இழந்தவளிடம் அபூர்வம் என்ற சொல் எடுபடுமா? வீட்டுக்கு வந்தவள் சாப்பிட்டாள், துணி மடித்தாள். குழந்தையைப் பற்றி மட்டும் வாயே திறக்கவில்லை.

"அண்ணி, நீங்க என்ன சொல்றீங்க? போட்டுக்கட்டுமா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள்.

நான் சொல்ல வேண்டிய பதில் எங்கள் லேபின் ஃப்ரீசரில் இருந்தது. அதைச் சொன்னால் என் பிழைப்பு போகும் என்பதால் மென்று விழுங்கிக்கொண்டிருந்தேன்.

நடந்தது இது. ஆறாவது வாரத்தில் அவள் யாருக்கும் தெரியாமல் என்னைத் தேடி லேபுக்கு வந்தாள். நாள் தள்ளிப் போயிருக்கிறது, உறுதியாகத் தெரியும்வரை அவரிடம் சொல்ல வேண்டாம், இன்னொரு முறை ஏமாந்துபோன அவர் முகத்தைப் பார்க்க என்னால் முடியாது என்றாள். அவள் பெயரில் பதிவு செய்தால் குறுஞ்செய்தி நேராகத் தம்பியின் போனுக்குப் போய்விடும். அதனால் சர்க்கரைப் பரிசோதனை என்று என் பெயரில் பதிந்து, அவள் ரத்தத்தை எடுத்து, ஓரமாகக் கர்ப்ப அட்டையில் இரண்டு சொட்டு விட்டுப் பார்த்தேன். இரண்டு கோடு. ரத்தம் உறைந்ததும் மேலே தெளிந்து நின்ற சீரத்தில் மிச்சமிருந்ததைக் கொட்ட மனம் வரவில்லை. உறைய வைத்துவிட்டேன். ஒருவர் ரத்தத்தில் இன்னொருவர் பெயரை ஒட்டுவதைவிடப் பெரிய பாவம் எங்கள் தொழிலில் கிடையாது. புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாளே அதைச் சொல்லித் தருகிறவளும் நான்தான்!

புதன்கிழமை காலை லேப் டாக்டரின் அறைக் கதவைத் தட்டினேன். என்னைவிடப் பத்து வயது சின்னவர். நல்ல மனநிலையில் இருந்தால் என்னை அக்கா என்பார், கோபம் வந்தால் மேடம் ஆகிவிடுவேன். ஒன்றையும் மறைக்காமல் கொட்டினேன்.

"மேடம், நீங்களா இப்படிப் பண்ணீங்க?"

"நான்தான் டாக்டர். என்ன வேணும்னாலும் பண்ணுங்க. அந்த டியூபை மட்டும் டெஸ்ட் பண்ணுங்க."

"அது அவங்க ரத்தம்தான்னு நான் எதை வெச்சு நம்பறது? டியூப்ல உங்க பேருல்ல இருக்கு?"

"எனக்கு பி குரூப். அவளுக்கு ஓ. சீரத்தை வெச்சே பாத்துடலாம். அதோட..." எனக்கே சொல்ல ஒரு மாதிரி இருந்தது. "கர்ப்ப ஹார்மோனும் பாருங்க."

அவர் எழுந்து ஃப்ரீசர் பக்கம் போனார். என்னைக் கிட்டே சேர்க்கவில்லை. எல்லாவற்றையும் தன் கையாலேயே செய்தார். நான் வெளியே பெஞ்சில், முடிவுக்காகக் காத்திருக்கும் நோயாளிகளோடு உட்கார்ந்திருந்தேன். இருபத்தாறு வருடத்தில் அந்த பெஞ்சில் உட்கார்ந்ததே இல்லை. அவ்வளவு கடினமாக இருக்கும் என்று யாரும் புகார் சொன்னதும் இல்லை.

ஒரு மணி நேரம் கழித்துத் தலையை நீட்டினார். "ஓ குரூப்தான். ஐம்பத்திரண்டு வயசுல நீங்க ஆறு வாரம் முழுகாம இருந்திருக்கீங்க, மேடம்."

கல்யாணமே செய்துகொள்ளாத எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். அழுகைதான் வந்தது. அவர் பார்க்காத மாதிரி உள்ளே போய்விட்டார்.

அப்புறம் ஆறாவது வார சீரத்தையும் இப்போதைய சீரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இயந்திரத்தில் ஒரே தடவையில் சோதித்தார். மத்தியானம் மூன்று மணிக்கு என்னை உள்ளே கூப்பிட்டுத் தாளைத் திருப்பிக் காட்டினார். இரண்டிலும் எதிர்ப்புப் பொருள் ஒரே அளவு. யூரியா ஊற்றிக் கழுவிய பிறகும் ஆறாவது வாரத்துப் பிடி அசைந்து கொடுக்கவில்லை. அப்போதே அது நாலு மாதத்துக்கு மேல் பழசு. கர்ப்பத்துக்கு வெகு முன்பே வந்த தொற்று.

"ரிப்போர்ட்டா இதைத் தர முடியாது. பிரசவ டாக்டருக்கு லெட்டர் எழுதறேன். நீங்க பண்ணினதையும் சேர்த்துதான் எழுதுவேன்."

"எழுதுங்க."

"மேனேஜ்மென்ட்டுக்கும் போகும்."

"போகட்டும் டாக்டர்."

விளக்கக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். மறு உத்தரவு வரும்வரை ரத்தம் எடுக்கவோ பதிவு செய்யவோ கூடாது என்றார்கள். அதற்கு மேலும் ஏதாவது வரலாம். வரட்டும். பிரசவ டாக்டர் கடிதத்தை இரண்டு தடவை படித்தாராம். லேப் டாக்டரோடு நேரில் பேசிவிட்டு, ஊசி தேவையில்லை, ஸ்கேன் மட்டும் பார்த்துக்கொண்டு வருவோம் என்று எனக்குப் போன் செய்தார். செய்தியை நானே நேரில் சொல்லிக்கொள்கிறேன் என்று கெஞ்சி அனுமதி வாங்கினேன்.

போனபோது தம்பி சமையலறையில் எதையோ தாளித்துக்கொண்டிருந்தான். அவள் கட்டிலில் காலை நீட்டிச் சாய்ந்திருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஊசி வேண்டாமாம். அது பழைய தொற்று. நீ முழுகாம இருக்கறதுக்கு ரொம்ப முன்னாடியே வந்துட்டுப் போனது."

"நிஜமாவா அண்ணி?"

"ரெண்டு டாக்டரும் சொல்லிட்டாங்க. என்னைக் கேட்டா நானும் சொல்வேன்."

அவள் அழவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணி, ரெண்டு வாரமா அசையுது."

"எது?"

"உள்ள. நல்லாத் தெரியுது. காலைல எழுந்ததும், அப்புறம் சாப்பிட்டதும். யார்கிட்டயும் சொல்லல. சொன்னா இதுவும் போயிடுமோன்னு..."

இரண்டு வாரம்! அப்படியொரு சந்தோஷத்தைத் தன்னந்தனியாக, வாயைக் கட்டிக்கொண்டு சுமந்திருக்கிறாள் இந்தப் பெண். அவளைக் கட்டிக்கொள்ளவும் தோன்றியது, நாலு வார்த்தை திட்டவும் தோன்றியது.

"அவன்கிட்டகூடச் சொல்லலியா?"

இல்லையென்று தலையாட்டினாள்.

"டேய்," என்று சமையலறைப் பக்கம் கத்தினேன். "அடுப்பை அணைச்சிட்டு இங்க வாடா."