சிங்கராசாவின் ஊதா

மன்னார் பேருந்து நிலையத்துக்கு அருகில் அச்சகம் வைத்திருந்த சிங்கராசாவுக்கு நிறங்களைப் பற்றித் தெரியாதது எதுவுமில்லை. அப்படிச் சொன்னவரும் சிங்கராசாதான். கொழும்பில் மூன்று நாள் வகுப்புக்குப் போய்வந்த சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார். இரண்டாம் நாள் முழுக்கக் காய்ச்சலில் படுத்திருந்த கதை அதில் இல்லை.

தாழ்வுபாட்டுக் கத்தோலிக்கக் கோயிலில் முதல்நன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கப்போகும் எழுபத்தெட்டுப் பிள்ளைகளுக்கு நினைவு அட்டை அடிக்கும் வேலை அவருக்குக் கிடைத்தது. அட்டை எல்லாருக்கும் ஒன்றுதான். படமும் பெயரும் மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். சுற்றிவர மாதாவின் நீலத்தில் ஒரு கரை. படத்துக்குக் கீழே அதே நீலத்தில் ஒரு பட்டி, அதில் பெயர். திரையில் இரண்டு நீலமும் ஒன்றாகத்தான் இருந்தன. அச்சில் கரை நீலமாகவும் பட்டி ஊதாவாகவும் வந்தன.

சிங்கராசா முதலில் கடலைக் குற்றம் சொன்னார். உப்புக்காற்று மையைக் கெடுத்துவிட்டதாம். பிறகு கடதாசியை மாற்றினார், மெஷினைத் துடைத்தார், மை விற்றவனுக்கு போன் எடுத்து ஏசினார். ஊதா அசையவில்லை.

அச்சகத்தில் வேலை செய்யும் றஸ்னா மெல்லக் கேட்டாள்: "அண்ணை, கரை பிடிஎப் கோப்பில இருக்கு. பட்டி ஜேபெக் படத்தோட ஒட்டி இருக்கு. ஒருக்கா அதைப் பாப்பமா?"

"நீர் சும்மா இரும். இது மைப் பிரச்சினை."

வெள்ளிக்கிழமை அன்ரோனெற் வந்தாள். அவளுடைய மகள் டிலோஜினி இருதய ஒப்பரேசனுக்குப் பிறகு நாலு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்து, போன மாதம்தான் வீடு திரும்பியிருந்தாள். மேசையில் கிடந்த மாதிரி அட்டையில் அந்தப் பிள்ளையின் படமே இருந்தது. அன்ரோனெற் அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைத்தாள்.

"முப்பத்தோராம் நாள் அட்டை மாதிரி இருக்கு, அண்ணை. இதை நான் வீட்டுக்குள்ள கொண்டுபோகமாட்டன்."

சிங்கராசாவுக்கு வெட்கத்தில் காது சுட்டது. அவள் சொன்னது சரி. சிரிக்கிற முகம், கீழே ஊதாப் பட்டி, அதில் பெயர். ஊரில் யார் கையில் கொடுத்தாலும் எப்போது செத்தது என்றுதான் கேட்பார்கள்.

"ஞாயிறு பூசைக்கு முதல் நீலமாத் தருவன், தங்கச்சி," என்றார், எப்படி என்று தெரியாமலே.

அவள் போனதும் றஸ்னாவுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டார். "சொல்லும் பிள்ளை. நான் இனி வாய் திறக்கமாட்டன்."

கரையின் நீலம் அச்சு மையின் கணக்கில் இருந்தது. பட்டியின் நீலம் திரை வெளிச்சத்தின் கணக்கில் இருந்தது. மெஷின் அதை மைக்கு மாற்றும்போது ஊதாவாக்கிவிட்டது.

"பட்டியை ஏன் அண்ணை படத்தோட ஒட்டினனீங்கள்?"

"மரண அட்டைக்கு அப்பிடித்தானே செய்யிறனான். அதை எடுத்துத்தான் மாத்தினனான்."

றஸ்னா அந்தப் பழைய கோப்பையும் திறந்தாள். பேசாலை முதல் முருங்கன் வரை ஒன்பது வருடமாகச் சனம் "சிங்கராசாவின்ர ஊதாதான் வேணும்" என்று கேட்டு வாங்கிய நினைவஞ்சலி அட்டை அது. அதன் பட்டி திரையில் பளிச்சென்ற நீலமாக இருந்தது. அன்றைக்கும் அவர் நீலத்தைத்தான் வைத்திருக்கிறார். அது ஊதாவாக வந்ததும் யாரோ நல்ல பொருத்தமான நிறம் என்று புகழ, தானே தேர்ந்தெடுத்ததுபோலத் தலையாட்டியிருக்கிறார். ஒன்பது வருடப் புகழும் ஒரு பிழைக்குச் சேரவேண்டியது.

"சிரியும் பிள்ளை," என்றார். "அடக்கினா விக்கல் வரும்."

பட்டியைக் கரையிருந்த கோப்புக்கே கொண்டுபோய், படத்தையும் பெயரையும் மட்டும் மாறவிட்டார்கள். எழுபத்தெட்டும் நீலமாக வந்தன.

ஞாயிறு காலை, கோயில் வாசலில், வெள்ளை உடுப்போடு நின்ற டிலோஜினியின் அட்டையைத் தாயிடம் கொடுத்தார். வழிநெடுக மோட்டார் சைக்கிளில் பாடமாக்கி வந்த விளக்கம் தயாராக இருந்தது.

"பாருங்கோ தங்கச்சி, ஜேபெக் எண்டு ஒண்டு..."

அன்ரோனெற் அட்டையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஆஸ்பத்திரியில டொக்டர் ஒருநாள் என்னை வெளியில கூப்பிட்டு, மனசைத் திடப்படுத்திக்கொள்ளுங்கோ எண்டவர். அண்டைக்கே உங்களிட்டத் தாறதுக்கெண்டு ஒரு படம் எடுத்து வச்சனான், அண்ணை. அந்தப் படம்தான் இது."