உப்பு வாளிக்குள் இரண்டு தண்ணீர்

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். அன்றைக்கு அது மேனேஜர் முருகேஷ் மேல் வந்தது.

"என்சைம் செத்துப் போச்சுங்க மேடம். கீழ ஊத்தச் சொல்லீருங்க. ஒச்சாயி நாளையிலிருந்து வரோண்டாம்."

நான் லேபைப் பார்த்துக்கொள்ளும் இந்தச் சாயப்பட்டறையில் துணியின் பிசிரைத் தின்று வழுவழுப்பாக்குவது இந்த என்சைம் என்னும் புரதக் கரைசல்தான். மார்கழிக் குளிரில், காலையில் உதவி வேலை பார்க்கும் ஒச்சாயி அதை, சாயத்துக்கு உப்பு கரைக்கும் வாளியில் ஊற்றி வைத்துவிட்டாள். அடியில் உப்பு மிச்சம் இருந்ததைக் கவனிக்கவில்லை. கரைசல் பாலாக வெளுத்தது. சற்றுப் பொறுத்து முருகேஷ் வழக்கம்போல மேலாக ஒரு மக்கு மொண்டு துணியில் சோதித்தார். பிசிர் போகவே இல்லை.

"யக்கா, எம்புள்ள பன்னெண்டாவது படிக்குது. இப்பப் போயி எந்த வேலையத் தேடுவேன்?" என்று ஒச்சாயி அழுதாள்.

"சும்மா அழாத. மொதல்ல பாப்போம்."

கலங்கலில் ஒரு சொட்டை எடுத்து லேப் மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். கெட்டிருந்தால் திரிந்த பால்போலக் கட்டி கட்டியாக இருக்க வேண்டும். இதிலோ குட்டிக் குட்டி உருண்டைகள். இரண்டு உருண்டைகள் தொட்டுக்கொண்டன, ஒன்றாகிப் பெரிய உருண்டையாக நின்றன. அட! இது கட்டியே இல்லை. தண்ணீருக்குள் இன்னொரு தண்ணீர்.

வாளியருகே ஓடினேன். மேலே கலங்கல் தெளிந்து வந்தது, அடியில் தேன்போல ஒரு படலம். புரதமெல்லாம் கீழே கூடிவிட்டதா? அப்படியென்றால் முருகேஷ் மொண்டது வெறும் உப்புத் தண்ணீரா? எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அடியிலிருந்து எடுத்துத் துணியில் சோதித்தேன். பிசிர் போயே போச்சு!

உப்பும் குளிரும்தானே பிரித்திருக்கும் என்று வாளியில் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுக் கலக்கினேன். படலம் கரைந்து, முழுதும் ஒரே தெளிவாக ஆனது.

"இப்ப நீங்களே மேல இருந்து மொண்டு பாருங்க சார்."

முருகேஷ் சோதித்தார். துணியைக் கன்னத்தில் தேய்த்துப் பார்த்தார்.

"ஏனுங்க மேடம், செத்தது எப்படிப் பொழச்சுதுங்க?"

"சாகவே இல்ல சார். கீழ போயி உக்காந்திருந்துச்சு. நீங்க மேலாப்ல பாத்துட்டுத் தீர்ப்பு சொல்லிட்டீங்க."

கேட்டருகே டிபன் பையோடு நின்றிருந்த ஒச்சாயியிடம் அவரே போனார்.

"நாளைக்கு வரட்டுங்களா சார்?" என்றாள் அவள்.

"நாளைக்கு என்னுங்க, இப்பவே உள்ள வாங்க."

வந்தவள் பையைக்கூட வைக்கவில்லை. காலியாகக் கிடந்த உப்பு வாளிகளையெல்லாம் இழுத்துப் போட்டுக் கழுவினாள். அழுதுகொண்டேதான் கழுவினாள்.