கேட்காமல் வந்த மூன்று டேபிள்கள்

…இல்லை, எழுத மாட்டாள், அந்த மன்னிப்பு மெயிலில் ஒரு எழுத்தைக்கூட அடிக்க மாட்டாள், செய்யாத தப்புக்கு எதற்கு மன்னிப்பு, கண்ணாடி அறைக்குள்ளிருந்து மேலாளர் முறைத்தால் முறைக்கட்டும்… வாடிக்கையாளருக்கு இவள் உருவாக்கிக் கொடுத்த புது டேட்டாபேஸ் காலியாகத்தானே இருக்க வேண்டும், அதற்குள் யாரோ எப்போதோ சோதித்துப் பார்த்த மூன்று டேபிள்களும் ஒரு துண்டு நிரலும் கிடந்தால் அவர் சும்மா விடுவாரா, காலையிலேயே பிடித்துக்கொண்டார், மேலாளர் பழியை நேரே இவள் தலையில் போட்டார். "பழசுலேருந்து காப்பி பண்ணியிருப்பே. ஒரு சாரி போட்டு முடிச்சிடும்மா." காப்பியாம்! கணவனாவது தன் பக்கம் பேசுவான் என்று போன் செய்தால், "ஒரு வார்த்தைதானே, சொன்னா தேய்ஞ்சா போயிடுவே?" என்கிறான்… தேய்ந்துதான் போவாள், இத்தனை வருஷம் தேய்ந்தது போதாதா, வீட்டில் பால் பொங்கினாலும் இவள்தான், குழாய் ஒழுகினாலும் இவள்தான்…

சரி, கண்ணெதிரே இன்னொரு புது டேட்டாபேஸை உருவாக்கிப் பார்த்தால் என்ன… உருவாக்கினாள், எதையும் தொடவில்லை, திறந்தால் அதே மூன்றும் பல்லிளிக்கின்றன. அப்படியானால் வேர் வேறெங்கோ… எங்கே… அட, மாதிரி! சர்வர் ஒரு மாதிரி டேட்டாபேஸை வைத்துக்கொண்டு அதைப் பார்த்துத்தானே ஒவ்வொன்றையும் வார்க்கிறது, அச்சில் அழுக்கிருந்தால் வார்ப்பில் இல்லாமல் போகுமா? திறந்தாள், இருந்தன. இதுவரை யாரும் பிரித்துப் படிக்காத அந்த நிரலின் தலையில் எழுதியவர் பெயர், மேலாளருடையது, தேதி இவள் வேலைக்கே வராத காலத்தது.

மடிக்கணினியை அப்படியே தூக்கிக்கொண்டு போனாள், கதவைத் தட்டவில்லை. "இதைப் பாருங்க சார். சாரி நான் சொல்லமாட்டேன்." கத்துவார், மழுப்புவார், ரெண்டுக்கும் பதில் நாக்கு நுனியில் தயார். அவரோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். "நானா எழுதினேன்? சுத்தமா ஞாபகம் இல்லையே… என் பேர்தான் இருக்கு. மாதிரியிலேருந்து அழிச்சிடு. மெயிலை நானே போட்டுடறேன்."

அவ்வளவுதானா… இருக்கைக்கு வந்து மாதிரியைத் துடைத்தாள், இனி வருபவை சுத்தமாக வரும், ஏற்கெனவே கொடுத்தவற்றை ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டும், திறந்தாள், அழித்தாள்… பொய் சொல்லியிருந்தால்கூடத் தேவலை, அந்த முகத்தில் பொய் இல்லை, நிஜமாகவே மறந்திருக்கிறார்… வேண்டுமென்று செய்தவனோடு மல்லுக்கு நிற்கலாம், இவரை என்ன செய்வது… ஜெயித்தாயிற்றே, பிறகு ஏன் விசைகளை இப்படிக் குத்துகிறாள், பக்கத்து மேசைக்காரி திரும்பிப் பார்க்கிற அளவுக்கு…