ரேகை வாங்க வந்தவர்

"அழாதம்மா. அவர் வந்துட்டுப் போகட்டும்" என்று பெரியவள் தாயின் வாயில் முந்தானையைத் திணித்தாள்.

அப்பாவின் மூச்சு நின்று அரைமணி ஆகியிருந்தது. நடக்க முடியாதவர்களிடம் வீட்டுக்கே வந்து கைரேகை வாங்கும் எழுத்தர் பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். குடும்பத் தலைவரின் ரேகை விழுந்தால் அம்மாவுக்கும் இரண்டு பெண்களுக்கும் குடியுரிமை. இல்லாவிட்டால், நாளை வெள்ளைக்காரன் கொடியை இறக்கிக்கொண்டு போனதும் இவர்களுக்கு நாடே கிடையாது.

"போன மாசமே ரேகை வைக்கப் போயிருக்கலாம்" என்று முனகினாள் சின்னவள்.

போயிருக்கலாம்தான். அப்போது அப்பாவுக்குக் கால் நன்றாகத்தான் இருந்தது. துறைமுகத்தில் முப்பது வருஷம் கிரேன் ஓட்டியவர். எல்லோரும் அண்ணாந்து பார்த்தே கூப்பிட்டதால் 'உச்சியார்' என்று பெயர். "வெள்ளைக்காரன் கப்பல் சரக்கையெல்லாம் இறக்கினவன் நான். என்னைப் போயி வரிசையில நிக்கச் சொல்றதா?" என்று வீம்பு பிடித்தார்.

அவரைச் சுவரோடு சாய்த்து உட்காரவைத்துப் போர்வையை இழுத்துவிட்டார்கள். போர்வைக்கு வெளியே கிடந்த கட்டைவிரலைப் பெரியவள் தேய்த்துத் தேய்த்துச் சூடாக்கினாள்.

எழுத்தர் வரும்போது மணி மூன்று.

"தூங்குறாரா?"

"மருந்து மயக்கம் சார்."

"எழுப்புங்கம்மா. எந்த நாட்டவர்னு அவர் வாயால சொல்லணும்."

"இங்கதான் சார் பொறந்தார்."

"அது பொறந்த ஊர். நான் கேக்கறது நாடு."

"கடலுக்கு அந்தப் பக்கம் தாத்தா ஊர்ல கேட்டா, 'உங்கப்பா அந்த ஊர்க்காரர்'ங்கறாங்க. இங்க நீங்க இப்படிக் கேக்கறீங்க. எதைன்னு சொல்லுவார்?"

எழுத்தர் மைப்பெட்டியைத் திறந்தார். அப்போது அப்பாவின் இமையில் ஒரு ஈ உட்கார்ந்தது. மெல்ல நடந்து கண்ணோரத்துக்கு வந்தது. இமை துடிக்கவில்லை. எழுத்தர் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் பார்ப்பதைப் பெரியவளும் பார்த்தாள்.

மைப்பெட்டி மூடியது.

"புதுசா ஆட்சிக்கு வர்றவங்ககிட்ட மனு எழுதிக் குடுங்க."

"சார், ஒரே நிமிஷம். தொட்டு வச்சிட்டுப் போங்க சார்."

"பக்கத்துல என் கையெழுத்து விழணும்மா." வாசலில் செருப்பை மாட்டியபடி, "உடம்பைப் பாத்துக்கச் சொல்லுங்க" என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

பெரியவள் உள்ளே வந்தாள். "இப்ப அழலாம்மா."

அம்மா முந்தானையை எடுத்தாள். வாய் திறந்தபடியே இருந்தது. சத்தம் வரவில்லை.

பெண்கள் இருவரும் தோளிலும் காலிலும் பிடித்து அப்பாவைப் படுக்கவைக்கப் பார்த்தார்கள். உடம்பு விறைத்துவிட்டிருந்தது. இடுப்பு நிமிரவில்லை. கையை எடுத்தபோது, அவர் வாசலைப் பார்த்து உட்கார்ந்தபடியே இருந்தார்.