சரின்னுட்டா

சிரிஞ்சை ஒரு சாண் உயரத்தில் தூக்கிப் பிடித்திருந்தார் பூட்டுக்காரர். சத்துமாவுக் கரைசல் குழாய் வழியே மனைவியின் வயிற்றுக்குள் இறங்க வேண்டும். இன்று இறங்கவில்லை.

டெலிபோன் ஆபீஸில் முப்பது வருஷம் பேசிப் பேசியே சம்பளம் வாங்கியவள். பக்கவாதம் கைகாலோடு நாக்கையும் முடக்கிப் போட்டது. ஒரு மிடறு தண்ணீர் கொடுத்தாலும் புரையேறி நெஞ்சுக்குள் போனது.

"வயித்துல சின்னதா துளை போட்டு குழாய் வெச்சிடலாம். அவங்களையும் ஒரு வார்த்தை கேட்டுக்குங்க" என்றார் டாக்டர்.

ஒரு தடவை இமைத்தால் ஆமாம். இரண்டு தடவை இமைத்தால் இல்லை. கேட்டார். இரண்டு தடவை இமைத்தாள். மறுபடி கேட்டார். மறுபடியும் இரண்டு.

வெளியே வந்து டாக்டரிடம், "சரின்னுட்டா" என்றார்.

பதினோரு மாதம் ஓடிவிட்டது. பார்க்க வரும்போதெல்லாம் மச்சினி, "அக்கா குடுத்து வெச்சவ. உங்கள மாதிரி யாரு பாத்துக்குவா அத்தான்?" என்பாள். ஊர்ப் பூட்டையெல்லாம் திறக்கிறவர் அப்போது மட்டும் வாயைத் திறக்கமாட்டார்.

இன்று குழாயில் அடைப்போ என்று வெதுவெதுப்பாகத் தண்ணீர் விட்டுப் பார்த்தார். அதுவும் அப்படியே நின்றது. அவளுக்கு மூச்சு விட்டு விட்டு வந்தது. சிரிஞ்சைக் கழற்றி வைத்துவிட்டுக் கட்டிலோரம் உட்கார்ந்தார்.

"நீ வேணாம்னுதான் சொன்ன. நான்தான் மாத்திச் சொல்லிட்டேன்." அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "தனியா இருக்க பயமா இருந்துச்சு."

அவள் அவரையே பார்த்தாள்.

"எம்மேல கோவமா?"

இமை மூடியது. திறந்து இன்னொரு தடவை மூடும் என்று பார்த்துக்கொண்டே இருந்தார். வாசலில் காய்கறி வண்டி வந்து, கூவி, தெருமுனை தாண்டிப் போனது. மூடிய இமை மூடியபடியே இருந்தது.

மத்தியானம் நர்ஸ் வந்து குழாயை எடுத்துவிட்டு, துளையின் மேல் பஞ்சு வைத்து ஒட்டினாள். சாயங்காலத்துக்குள் சுடுகாட்டில் எல்லாம் முடிந்து வீடு திரும்பினார்கள். மச்சினி தட்டில் சோறு போட்டு நீட்டினாள்.

"ரெண்டு வாய் சாப்பிடுங்க அத்தான். இப்படி கூடத்துலயே உக்காருங்க."

தலையாட்டித் தட்டை வாங்கிக்கொண்டு சமையலறைக்குள் போனார். மனைவியின் கண்ணில் படக்கூடாதென்று இத்தனை மாதமும் அங்கேதான் சாப்பிட்டார். கதவை ஒருக்களித்துச் சாத்திக்கொண்டு, அதன் பின்னால் நின்றபடி, தட்டில் விரல் படும் ஓசைகூட வெளியே கேட்காமல் சாப்பிட ஆரம்பித்தார்.