முக்கால் இஞ்ச் தாழ்ந்த தோள்

எனக்குக் கோபம் சட்டுனு வரும். அதை முதல்லயே சொல்லிடறேன், அப்புறம் யாரும் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கக் கூடாது. இருபத்தாறு வருஷமா தையல் மிஷின் முன்னாடி உக்காந்திருக்கேன். தண்ணி ஆபீஸ்ல வேலை பாக்குற நூத்திநாப்பது பேருக்கும் யூனிஃபார்ம் சட்டை நான்தான் தைக்கிறேன். அங்க யாருக்குத் தொப்பை போட்டிருக்கு, யார் இளைச்சிருக்காங்கன்னு அவங்க பொண்டாட்டிக்குத் தெரியறதுக்கு முன்னாடி எனக்குத் தெரியும்.

தைக்கிறவங்களுக்கு மட்டும் தெரிஞ்ச விஷயம் ஒண்ணு இருக்கு. எந்த மனுஷனுக்கும் ரெண்டு தோளும் ஒரே மட்டத்துல இருக்காது. பை தூக்கி, பிள்ளை தூக்கி, ஒருக்களிச்சுப் படுத்து, ஏதோ ஒரு பக்கம் கால் இஞ்சாவது இறங்கியிருக்கும். நாங்க துணியை ரெண்டா மடிச்சு வெட்டறதால சட்டை ரெண்டு பக்கமும் ஒண்ணாத்தான் வரும். போட்டுப் பாக்கும்போது இறங்கின பக்கத்துக்கு உள்ள ஒரு சின்னப் பட்டி வச்சுச் சரி பண்ணுவோம்.

இந்த வருஷம் அளவெடுக்க வந்த முதல் ஆளுக்கு ரெண்டு தோளும் மட்டம். சரி, ஏதோ அதிசயப் பிறவின்னு விட்டேன். ரெண்டாவது ஆளுக்கும் மட்டம். பதினோராவது ஆளுக்கும் மட்டம்னதும் டேப்பைத் தூக்கிக் கடாசிட்டுப் புது டேப் எடுத்தேன். டேப் மேல தப்பு இல்ல. கொத்தனார் வச்சுப் பாக்குற ரசமட்டம் மாதிரி நிக்கிறானுங்க! அதுலயும் ஒருத்தன்கூட 'போன தடவை அக்குள்ல பிடிச்சுது'ன்னு என்னைத் திட்டல. எல்லாரும் நன்றி சொல்லிட்டுப் போனாங்க. தண்ணி ஆபீஸ்காரன் நன்றி சொல்றதாவது!

பன்னெண்டாவதா என் தம்பி வந்தான்.

அவன் அந்த ஆபீஸ்ல மீட்டர் ரீடிங் எடுக்கறவன். அவனுக்கு வலது தோள் முக்கால் இஞ்ச் தாழ்வு. நான் பண்ணின வேலை அது. அவனுக்கு ஆறு வயசு, எனக்குப் பத்து. என் சைக்கிள்ல ஏறிட்டான்னு கையைப் பிடிச்சு இழுத்துக் கீழ தள்ளினேன். காறை எலும்பு ஒடைஞ்சு கோணலாக் கூடிப்போச்சு. இருபத்தெட்டு வருஷம் ஆகுது, பய மறக்கல. ஒவ்வொரு தடவை அளவெடுக்க வரும்போதும், "ம், நீ ஒடைச்சதை நீயே அளந்துக்க"ன்னு சொல்லிட்டுத்தான் நிப்பான். மழை வந்தா தோள் வலிக்குதுன்னு போன் பண்ணித் திட்டுவான். எங்களுக்குள்ள பேச்சுவார்த்தையே அதுதான்.

அன்னைக்கு வந்தவன் சிரிச்சான். "எப்படி இருக்கீங்க அக்கா?"ன்னான். இருக்கீங்களாமே! டேப்பை வச்சேன். மட்டம்.

"தோள் வலி எப்படிடா இருக்கு?"

"பழசெல்லாம் எதுக்கு அக்கா? நான் உங்களை எப்பவோ மன்னிச்சுட்டேன்."

அந்த ஒரு வார்த்தைக்காக இருபத்தெட்டு வருஷம் காத்திருக்கேன். அதை இந்த ரசமட்டம் வந்து சொல்லுது! குண்டூசியை எடுத்துத் தோள்ல ஒரு குத்து குத்தினேன். ரெண்டு நொடி யோசிச்சுட்டு "ஆ"ன்னான்.

கடையைச் சாத்திட்டு நேரா தண்ணி ஆபீஸுக்குப் போனேன். மேலாளர் அறைக்குள்ள கதவைத் தட்டாம நுழைஞ்சேன். அவரும் மட்டம்.

"என் தம்பி எங்க? கடைக்கு வந்தது யாரு? நீங்க எல்லாம் யாருடா?"

"தங்கள் புகாருக்கு நன்றி. ஆதாரம் உள்ளதா?" ஆபீஸ் கடுதாசியைப் படிச்சே தமிழ் கத்துக்கிட்டிருப்பான் போல, பேச்சு அப்படித்தான் வந்துச்சு.

"தோள்! மனுஷனுக்குத் தோள் இப்படி இருக்காது. எதைப் பாத்துடா செஞ்சீங்க இந்த உடம்பை?"

மேலாளர் டிராயரைத் திறந்து ஒரு பழுப்புத் தாளை விரிச்சாரு. பாத்ததும் தெரிஞ்சுபோச்சு. சட்டை வெட்டறதுக்கு நான் செஞ்ச பேட்டர்ன், மாதிரிக்குன்னு நான் குடுத்து அவங்க ஸ்டோர் ரூம்ல தொங்கினது. பாதி உடம்புதான் வரைஞ்சிருக்கும். ஓரத்துல 'இங்கே மடிக்கவும்'னு என் கையெழுத்து.

"மனித உடலின் வரைபடம் என்று எண்ணிவிட்டோம். மடிக்கச் சொல்லியிருந்தீர்கள். மடித்தோம்."

எந்த நட்சத்திரத்துலேர்ந்தோ கிளம்பி வந்திருக்கானுங்க, கடைசில என் பழுப்புத் தாளை நம்பிக் கோட்டை விட்டிருக்கானுங்க. வேற நாளா இருந்தா விழுந்து விழுந்து சிரிச்சிருப்பேன்.

"எதுக்கு வந்தீங்க?"

"பூமியைக் கைப்பற்ற. ஆனால் ஒன்பது வருட மனுக்கள் தேங்கிக் கிடந்தன. முதலில் அவற்றை முடித்துக்கொண்டிருக்கிறோம்."

"அசல் ஆளுங்க?"

"நூற்றி முப்பத்தெட்டு பேர். இருவர் நீண்ட விடுப்பில் இருந்ததால் கிடைக்கவில்லை. நாலாவது மாடி, பழைய கோப்பு அறையில் உறங்குகிறார்கள். யாரும் எட்டிப் பார்க்காத இடம் அதுதான் என்று ஊழியர்களே சொன்னார்கள். உறவினர் கேட்டால் திருப்பித் தருவது எங்கள் விதி. எட்டு மாதத்தில் கேட்டு வந்த முதல் ஆள் நீங்கள்."

எட்டு மாசம்! நூத்தி முப்பத்தெட்டு குடும்பம்! ஒருத்தருக்குமா சந்தேகம் வரல? நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு, நானும் எட்டு மாசம் கழிச்சுத்தான் வந்திருக்கேன்னு நினைப்பு வந்ததும் வாயை மூடிக்கிட்டேன். மழை பெஞ்சும் போன் வரலையே, நாமளாவது பண்ணினோமா?

மேலாளர் ஒரு படிவத்தை நீட்டினாரு. "அவருடன் ஒரே வீட்டில் வசிக்கும் இருவர் கையெழுத்திட வேண்டும். கையெழுத்து இல்லாமல் எழுப்ப இயலாது."

தம்பி வீட்ல இருக்கிறது அவன் பொண்டாட்டியும் எங்கம்மாவும்தான். ஓடினேன். பொண்டாட்டி துணி மடிச்சுக்கிட்டிருந்தா. அந்த ரசமட்டம் வேலை முடிச்சு வந்து வெங்காயம் நறுக்கிக்கிட்டிருந்துச்சு. நான் மூச்சு வாங்க வாங்க எல்லாத்தையும் கொட்டினேன். அவ மடிக்கிறதை நிறுத்தவே இல்ல.

"எனக்கு முதல் வாரமே தெரியும் அண்ணி. பாத்திரம் தேய்ச்சாரு. அப்பவே தெரிஞ்சுபோச்சு."

"தெரிஞ்சுமா சும்மா இருந்த?"

"கத்தறதில்ல. கதவை அறையறதில்ல. நான் பேசினா முகத்தைப் பாத்துக் கேக்கறாரு. என்னன்னு போய்ப் புகார் குடுக்கறது?"

என் தம்பி ஒண்ணும் தங்கக்கம்பி இல்ல, எனக்குத் தெரியாததா? அவ சொன்னதுல ஒரு வார்த்தை பொய் இல்ல. அதான் எனக்கு இன்னும் எரிஞ்சுது. படிவத்தை அவ மடியில வச்சேன். "நல்லவனோ கெட்டவனோ, தூசியில கெடக்கறான்டி. எழுப்பி வச்சு அவன்கிட்ட சண்டை போடு. வேண்டாம்னா வெட்டி விடு. இப்படிப் பரண்ல போட்ட மாதிரி போட்டு வைக்காத."

வெங்காயம் நறுக்கினது எழுந்து வந்து, "பேனா வேணுமா?"ன்னு மரியாதையா நீட்டுச்சு.

அவ பேனாவை வாங்கினா. படிவத்தை மேலேர்ந்து கீழ வரைக்கும் படிச்சா. "வந்தா அதே ஆள்தான வருவாரு?"

"அதே ஆள்தான்."

"அப்ப வேண்டாம் அண்ணி." கண்ணு கலங்கித்தான் சொன்னா.

அம்மாகிட்ட போனேன். "எனக்குக் கண்ணு சரியாத் தெரியலடி, எங்கன்னு போடறது கையெழுத்து?"ன்னா. தினமும் பேப்பரை ஒரு வரி விடாம படிக்கிறவ! "இவன் நேரத்துக்கு மாத்திரை எடுத்துத் தர்றான். நீ வந்து எதையும் கிளறாத"ன்னு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டா. பெத்த தாய்! படிவத்தைச் சுக்குநூறாக் கிழிச்சு அங்கயே போட்டுட்டு வந்தேன்.

மறுநாள் காலைல ஆபீஸ் திறந்ததும் நாலு மாடி ஏறினேன். கோப்பு அறையில இரும்பு அலமாரி வரிசையா நிக்குது. ஒவ்வொரு தட்டுலயும் ஒரு ஆள், கால் கட்டைவிரல்ல ஒரு நம்பர் சீட்டு. அத்தனை பேரும் நான் தைச்ச சட்டையில. என் தம்பி நாலாவது அலமாரி, ரெண்டாவது தட்டு. மூச்சு வருது. வாய் பொளந்து கெடக்கு.

"டேய், எழுந்திரு."

அசையல. கன்னத்துல தட்டினேன். கிள்ளினேன். ஒண்ணும் இல்ல. என் கழுத்துல கெடந்த டேப்பை எடுத்துத் தோள்ல வச்சேன். வலது பக்கம், முக்கால் இஞ்ச் தாழ்வு. அளவு பாக்கும்போது அவன் சொல்ற வார்த்தையைச் சொல்ல அங்க ஆள் இல்ல. "நான் ஒடைச்சதை நானே அளந்துக்கறேன்டா"ன்னு நானே சொல்லிக்கிட்டேன்.

மேலாளர் வாசல்ல வந்து நின்னாரு. "கையெழுத்து?"

"போடல."

"அப்படியென்றால் எழுப்ப இயலாது."

"நீ எழுப்ப வேண்டாம். வழியை விடு."

தம்பி கையைப் பிடிச்சு இழுத்தேன். மூட்டை மாதிரி தொப்புனு கீழ விழுந்தான். தரையோட தரையா இழுத்துக்கிட்டு வெளிய வந்தேன். மேலாளர் விதிப் புத்தகத்தைப் பரபரன்னு புரட்டினாரு. கையெழுத்து இல்லாம ஒருத்தி வந்து தரதரன்னு இழுத்துட்டுப் போவான்னு அதுல எங்கயும் எழுதியிருக்காது. பின்னாடியே வந்து, "எந்தப் படிவத்தில் பதிவு செய்வது?"ன்னு கேட்டாரு. "உன் மடிச்ச நெஞ்சுல எழுதி ஒட்டிக்க!"ன்னேன்.

லிஃப்ட் ஓடல. அதை மட்டும் இவனுங்களாலயும் சரி பண்ண முடியல. படி படியா இறக்கினேன். ஒவ்வொரு மாடியிலயும் ரசமட்டங்க வரிசையா நின்னு எனக்குக் கதவைத் திறந்து பிடிச்சாங்க. ஒருத்தன் "பார்த்துப் போங்கள்"னான். எனக்கு இடுப்பு விட்டுப்போச்சு. இவன் எழுந்திருக்கலைன்னா இவனை வச்சுக்கிட்டு என்ன பண்ணப்போறேன், எங்க கொண்டுபோய்ப் படுக்க வைப்பேன், எதுவும் தெரியல. அழுதுக்கிட்டே திட்டினேன், திட்டிக்கிட்டே இழுத்தேன். வீட்ல ஒருத்திக்கும் நீ வேண்டாமாம்டா, எருமை, எழுந்திருடான்னு கத்தினேன்.

ரெண்டாவது மாடித் திருப்பத்துல அவன் வலது கை கைப்பிடிக் கம்பியில மாட்டிக்கிச்சு. நான் வெறியோட ஒரு இழுப்பு இழுத்தேன்.

"ஸ்ஸ்... ஏய்."

நின்னேன். அவன் கண்ணு இன்னும் மூடித்தான் இருக்கு. மூஞ்சி மட்டும் சுருங்கிப்போச்சு.

"அந்தத் தோளை விடு. ஏற்கெனவே நீ ஒடைச்சது."

"விடமாட்டேன் போடா"ன்னு சொல்லி, படியில உக்காந்து அதையே கட்டிப்பிடிச்சுக்கிட்டேன்.