கம்மல் ஒன்று மட்டும்

அன்று எங்கள் சோதனை அறையில் இருந்தவர்கள் நான்கு பேர். நடு மேசையில், ஜன்னலுக்கு முதுகு காட்டி, செயலியைச் சோதிக்க வந்திருந்த தையற்காரப் பெண். அவருக்கு இடப்பக்கம், கை நீட்டினால் தொடும் தூரத்தில், சோதனையை நடத்தும் கிளி. அவர்களுக்குப் பின்னால், கதவை ஒட்டிய ஸ்டூலில், குறிப்பெடுக்கும் நான். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் மேலாளர். அவரையும் சேர்த்தால்தான் நான்கு.

கிளி என்பது அலுவலகத்தில் வைத்த பெயர். வந்தவர் என்ன கேட்டாலும் "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்ற ஒன்றைத்தான் அவள் திருப்பிச் சொல்லலாம். எனக்கு அதுவும் கிடையாது. குறிப்பெடுப்பவன் வாய் திறந்தால் அந்தச் சோதனை செல்லாது. திறந்தவனுக்கு வேலையும் கிடையாது. ஆறு வருடமாக அதே ஸ்டூல். வீட்டிலும் பேச ஆளில்லை. ஞாயிறுதோறும் தங்கைக்கு நான்கு பக்கம் கடிதம் எழுதுவேன். 'வந்தது' என்று அவள் போனில் ஒரு சொல் அனுப்புவாள். சில திங்கட்கிழமைகளில் பஸ்ஸில் டிக்கெட் கேட்கும்போது என் குரல் எனக்கே பிசிறடிக்கும்.

சோதனைக்கு வந்திருந்தது நகை வரையும் செயலி. என்ன வேண்டுமென்று வாயால் சொன்னால், உள்ளிருக்கும் செயற்கை நுண்ணறிவு படம் போட்டுக் காட்டும். விரலால் இழுத்து மாற்றிக்கொள்ளலாம். யார் உதவியும் இல்லாமல் வரைந்து முடிப்பவருக்கு, அதே நகையை வெள்ளியில் வார்த்துக் கொடுப்பதாகச் செயலிக்காரர்கள் சொல்லியிருந்தார்கள்.

தையற்காரப் பெண் வந்ததே அதற்காகத்தான். உட்கார்ந்ததும் முடியை ஒதுக்கி வலக்காதைக் காட்டினார். மடல் பாதிக்கு மேல் இல்லை.

"சின்ன வயசுல நாய் கேட்டுச்சு, குடுத்துட்டேன்," என்றார். "அதுலேர்ந்து எனக்கு ஒத்தக் கம்மல்தான். கடையில ஜோடியாத்தான் தருவாங்க. மிச்சத்தப் போட்டுப் போட்டு ஒரு டப்பா நிறைஞ்சிடுச்சு. எனக்குன்னே ஒண்ணே ஒண்ணு செய்யணும். யாருகிட்ட சொல்லணும்?"

கிளி மேசையிலிருந்த டேப்லெட்டின் திரையைக் காட்டினாள்.

"எடது காதுக்கு ஒரு கம்மல். இலை மாதிரி. நரம்பு தெரியணும்."

திரையில் இரண்டு இலைகள் வந்தன. அழகாகத்தான் இருந்தன. அவர் ஒன்றை விரலால் தள்ளி அழித்தார். 'ஒன்று விடுபட்டுள்ளது. சேர்த்துவிட்டேன்' என்றது செயலி. மறுபடி அழித்தார். மறுபடி சேர்த்தது. நான்காம் முறை இரண்டுமே போய் வெறும் திரை நின்றது.

"ஒண்ணு போதும்டா ராசா," என்று கெஞ்சினார்.

'உங்களுக்கு ஒன்று போதும். இதோ, ஒரு ஜோடி!' என்றது அது, படு உற்சாகமாக.

"என்னங்க இது, விருந்துக்குப் போன வீட்டுல மாதிரி வேணாம் வேணாம்னாலும் இன்னொண்ணு வைக்குது?"

"நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்றாள் கிளி.

"நான் நினைக்கிறது கெடக்கட்டும். அது என்ன நினைக்குதாம்?"

நான் எழுதினேன்: இருபத்து மூன்றாம் நிமிடம். ஏழாவது முயற்சி. பெருமூச்சு.

முப்பத்தோராம் நிமிடத்தில் திரை மங்கியது. கிளி சார்ஜர் எடுக்க வெளியே போனாள். ஒலிவாங்கி அவள் காலரில் இருந்தது; அதுவும் அவளோடு போயிற்று. கண்ணாடிக்கு அப்பால் மேலாளர் முதுகைக் காட்டிக்கொண்டு யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார். தையற்காரப் பெண் நாற்காலியோடு என் பக்கம் திரும்பினார்.

"அண்ணே, சும்மாத்தானே உக்காந்திருக்கீங்க. உங்களுக்கு வழி தெரியுமா, தெரியாதா?"

அந்த வாரத்தில் ஒருவர் என் முகத்தைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி அது. அன்று வியாழக்கிழமை.

எனக்கு வழி தெரியும். முந்தைய சுற்றுகளையும் சேர்த்தால், நாற்பது பேர் அதோடு மல்லுக்கட்டியதைப் பின்னாலிருந்து பார்த்தவன் நான்.

"கம்மல்னு சொல்லாதீங்க," என்றேன். "பதக்கம்னு சொல்லுங்க. பதக்கம்னா ஒண்ணுதான் வரையும். கடைசிப் பக்கத்துல எந்தக் கொக்கின்னு கேட்கும். அங்க காதுக் கொக்கியத் தொடுங்க."

"அட, கள்ளச்சாவி!" அவர் சிரித்துவிட்டார். "குரல் நல்லாத்தானே இருக்கு. அதை ஏன் பூட்டி வெச்சிருக்கீங்க?"

கிளி வந்தாள். நாற்பத்தோராம் நிமிடத்தில் இலை முடிந்தது, ஒற்றையாக, நரம்போடு. தையற்காரப் பெண் திரையைத் தூக்கி இடக்காதருகே பிடித்து, கண்ணாடித் தடுப்பில் தன்னையே பார்த்துக்கொண்டார். அதைப் படிவத்தின் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

"இந்தச் சுற்றுல அஞ்சு பேருக்கு அஞ்சு பேரும் முடிச்சாச்சு!" என்று மேலாளர் உள்ளே வந்தார், அந்தப் பெண் போன பிறகு. "ஒத்தக் கம்மல்கூட வரைய முடியுதே, இனி என்ன குறை? இப்படியே வெளியிடலாம்னு எழுதிடுங்க."

படிவத்தில் இரண்டே கட்டங்கள்: முடித்தார், முடிக்கவில்லை. வெள்ளிக்கிழமை முழுவதும் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முதல் கட்டத்தில் குறியிட்டால் அவருக்கு வெள்ளிக் கம்மல் உண்டு, எனக்கு ஸ்டூல் உண்டு. செயலி மட்டும் ஒன்று கேட்பவருக்கெல்லாம் இரண்டு வைத்துக்கொண்டே இருக்கும்.

சனிக்கிழமை மதியம், படிவத்திலிருந்த எண்ணைப் பார்த்து அவருக்குப் போன் செய்தேன். அதுவும் விதிமீறல்தான். தலைக்கு மேல் வெள்ளம் போனபின் ஜாண் என்ன, முழம் என்ன. அந்தப் பக்கம் தையல் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. விஷயத்தைச் சொன்னேன்.

"யாரும் பாக்கலையே. அப்புறம் என்ன?"

"நீங்களே முடிச்சீங்கன்னு எழுதினா, செயலியில குறையே இல்லன்னு ஆயிடும். அப்படியே வெளிய விட்டுடுவாங்க."

"உண்மையச் சொன்னா எனக்குக் கம்மல் கிடைக்காது. அப்படித்தானே?"

"கிடைக்காம போகலாம். கேட்டு எழுதுறேன். உறுதி சொல்ல முடியாது."

"உங்க வேலை?"

"போயிடும்."

"நல்ல ஆளுண்ணே நீங்க. பேசினது நாலு வார்த்தை, ரெண்டு பேருக்கும் ஆப்பு." குரலில் சிரிப்பு இல்லை. "இங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன், வெள்ளிக் கம்மல் வருதுன்னு. இப்ப என்னன்னு சொல்றது?"

மெஷின் சத்தத்துக்கு நடுவே யாரோ அவரைக் கூப்பிட, "வர்றேன்டி, வந்து தொலைக்கிறேன்" என்று கத்தினார். பிறகு என்னிடம்:

"அடுத்து ஒத்தக் கம்மல் கேட்டு ஒருத்தி வந்தா, வழி சொல்ல அவளுக்குப் பின்னாடி நீங்க உக்காந்திருக்க மாட்டீங்க. எழுதுங்க. ஆனா என் இலையை அழிக்கக் கூடாதுன்னும் எழுதுங்க."

வைத்துவிட்டார். பழக்க தோஷத்தில் நேரத்தைக் குறித்தேன். மூன்று நிமிடம் பத்து விநாடி. அந்த மாதத்தில் நான் பேசிய மிக நீண்ட பேச்சு அதுதான்.

மூலப் படிவங்கள் வாரந்தோறும் தபாலில்தான் செயலிக்காரர்களுக்குப் போகும். இரண்டு கட்டங்களையும் விட்டுவிட்டு, தனித்தாளில் எழுதினேன்.

'ஐயா, ஐந்தாவது நபர் உங்கள் செயலியில் பதினொரு முறை ஒற்றைக் கம்மல் கேட்டார். ஒரு முறைகூட அது ஒன்று மட்டும் கொடுக்கவில்லை. பன்னிரண்டாம் முறை கிடைத்தது நான் வாய் திறந்து வழி சொன்னதால். தவறு என்னுடையது, அவருடையது அல்ல. ஒன்று போதும் என்பவருக்கு ஒன்று தரும்படி அதை மாற்ற வேண்டும். மாற்றியபின் முதலில் அவரையே அழைத்துச் சோதிக்க வேண்டும். அவர் வரைந்த இலையைத் தயவுசெய்து அழிக்க வேண்டாம். என் இடத்துக்கு வேறொருவரை நியமிக்கலாம்.'

ஒருமுறை வாசித்துப் பார்த்தேன். 'தயவுசெய்து' என்பதன் கீழே கோடு போட்டேன். தாளை மூன்றாக மடித்து, படிவங்களுக்கு மேலே வைத்து, உறையின் ஓரத்தில் பசை தடவி ஒட்டினேன். காயும்வரை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டிருந்தேன். தபால் நிலையத்தில் எனக்கு முன்னால் இரண்டு பேர். என் முறை வந்ததும் கவுண்டர்காரர் நிமிர்ந்து பார்க்காமலே உறையை வாங்கி எடை போட்டார். முத்திரை குத்தி, பின்னாலிருந்த சாக்குப்பைக்குள் போட்டார்.